கண் அழுத்த நோய்க்கு மருந்து விடுபவர்களுக்கு: 11 வருடத்தில் நான் கற்றுக்கொண்டவை

என் தையல் மெஷினுக்கு எதிரே ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. மலேசியாவில் பட்டர்வொர்த்தில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் வருடா வருடம் கொடுப்பது. ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கும் கட்டத்துக்குள்ளேயே ஒவ்வொரு தேதியிலும் நீலப் பென்சிலால் மூன்று கோடு இருக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. கண்ணுக்கு மருந்து விட்டதும் ஒரு கோடு. 11 வருடமாக இப்படித்தான்.

எனக்கு 57 வயது. ரவிக்கை தைப்பது தொழில். நான் டாக்டரும் இல்லை, மிஸ்ஸியும் (நர்ஸ்) இல்லை. உங்களுக்கு எந்த மருந்து, லேசரா அறுவை சிகிச்சையா என்பதையெல்லாம் உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ‘கிளௌகோமா’ (கண் அழுத்த நோய்) என்று ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஒரு குட்டி பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு யாராவது எனக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

முதலில் அம்மாவைப் பற்றி

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். பினாங்கு ஜி.எச்.சில் (அரசுப் பொது மருத்துவமனையில்) மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் விட்டார், அப்புறம் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, “விட்டாலும் விடாட்டியும் ஒரே மாதிரிதான்மா தெரியுது. சும்மா எதுக்குக் கண்ணு சிவக்கணும்?” என்றார்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்து, எந்நேரமும் வடிந்துகொண்டே இருக்கிறது. கருவிழியும் (கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்) அதற்குப் பின்னால் இருக்கும் நிறத்திரையும் சேரும் மூலையில் அது வடியும் வழி இருக்கிறது. வலைத்துணி மாதிரி ஒரு பகுதி. வலைத்துணியில் கஞ்சி ஏறி இறுகிப்போனால் தண்ணீர் இறங்காது அல்லவா, அப்படி அந்த வழி அடைபடும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. சாதாரணமாக அழுத்தம் 10-லிருந்து 21 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வரை இருக்கும். கூடிய அழுத்தம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. பெரும்பாலோருக்கு வலி இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றக் கண் மறைத்துவிடும். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் பேப்பர் படிக்க முடியும், ஊசியில் நூல் கோர்க்க முடியும். தெரியவரும்போது பாதி நரம்பு போயிருக்கலாம்.

போன நரம்பு திரும்பாது. இன்று உலகத்தில் எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாமே செய்வது ஒரே வேலை: அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பது. அதனால் மருந்து விட்டதும் பார்வை தெளிவாகும் என்று காத்திருக்காதீர்கள். மாற்றமே தெரியவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை, அழுத்தத்தை அளந்து பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். அம்மாவுக்கு இதைத் தமிழில் உட்கார்ந்து சொல்ல அன்று யாரும் இல்லை. எனக்கும் தெரியாது. கடைசி ஆறு வருடம் அவர் சுவரைத் தடவித்தான் குளியலறைக்குப் போனார்.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியவை

எனக்கு 46 வயதில், ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருக்கிறது என்று மூக்குக்கண்ணாடி மாற்றப் போனேன். கண்ணில் காற்றை ஊதி அளந்த பையன் முகம் மாறிவிட்டது. வலது கண்ணில் 28, இடது கண்ணில் 31. உடனே கடிதம் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அந்தப் பையனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எனக்கு இருப்பது திறந்த கோணமா, மூடிய கோணமா? அந்த மூலை திறந்திருந்தும் வலை அடைத்திருந்தால் திறந்த கோணம். நிறத்திரையே முன்னால் சாய்ந்து மூலையை மூடியிருந்தால் மூடிய கோணம். சிகிச்சை இரண்டுக்கும் வேறு. கண்ணின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும். அந்தச் சோதனை செய்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது: என் இலக்கு அழுத்தம் எவ்வளவு? 21-க்குக் கீழே வந்தால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. அழுத்தம் 16, 17 இருக்கும்போதே நரம்பு கெடுபவர்களும் உண்டு. ஆசிய மக்களிடம் அந்த வகை நிறையவே காணப்படுகிறது. நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது, வயது என்ன, கருவிழி எவ்வளவு தடிப்பு என்பதைப் பார்த்து ஆளுக்கு ஒரு எண் வைப்பார்கள். கருவிழி மெலிதாக இருந்தால் கருவி காட்டுவதைவிட உண்மையான அழுத்தம் கூடுதலாக இருக்கலாம். என் இடது கண்ணுக்கு இலக்கு 12. வலது கண்ணுக்கு 16. அளவு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ரவிக்கை அளவு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 10 விழுக்காடு குறைகிறது என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் 14-க்கும் 12-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள்.

சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்வை இருக்கிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவது. முதல் தடவை நான் அழுதேவிட்டேன். பாதிப் புள்ளி தெரியவில்லையே, கண் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் மிஸ்ஸி சொன்னார், நல்ல கண் உள்ளவருக்கும் பாதி தெரியாது, உங்களுக்குத் தெரியாமல் போகும் எல்லை வரை வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டே போவதுதான் அந்தக் கருவியின் வேலை என்று. முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். பசியாறிவிட்டுப் போங்கள். நடுப்புள்ளியையே பாருங்கள், கண்ணைத் தாராளமாகச் சிமிட்டுங்கள். களைப்பாக இருந்தால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாலே சோதனை நிற்கும். கொஞ்சம் மூச்சுவிட்டுத் தொடரலாம்.

கண்மணியை விரிக்கும் மருந்து விடும் நாளில் நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். நான் ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போய், அங்கிருந்து பஸ். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பைக்குள் இருக்கும்.

சொட்டு மருந்து விடும் முறை

நான் மருந்து விட ஆரம்பித்த முதல் ஒரு வருடம் தப்பாகவே விட்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. இப்போது செய்வது இப்படி.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். நாற்காலியில் சாய்ந்தோ கட்டிலில் படுத்தோ கூரையைப் பார்க்கிறேன். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். பாட்டில் முனை கண்ணிலோ இமை முடியிலோ படாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. கண் கொள்ளுவது ஒரு சொட்டுக்கும் குறைவுதான், இரண்டாவது சொட்டு வெளியே வழிந்து காசுதான் வீண். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டியிருக்கும் உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கிறேன். சிமிட்டுவதில்லை, பேசுவதில்லை. கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே தங்கும், தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போவது குறையும். இன்னொரு மருந்து விட வேண்டியிருந்தால் ஐந்து நிமிடமாவது கழித்து. அடுத்தடுத்து விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கை நடுங்கினால், மருந்து பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். விழுந்ததா இல்லையா என்று தெரியாதவர்கள் பாட்டிலை ஐஸ்பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) வைத்து எடுத்தால், சில்லென்று படும்போது தெரிந்துவிடும்.

ஐஸ்பெட்டி என்றதும் இன்னொன்று. லட்டனோபுரோஸ்ட் என்ற மருந்தைத் திறப்பதற்கு முன் 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரி வரை தாங்கும். நம் ஊரில் மதியம் 32 டிகிரி. ஆகவே நான் திறந்த பாட்டிலையும் ஐஸ்பெட்டிக் கதவில்தான் வைக்கிறேன். உறைய வைக்கும் தட்டில் வைக்கக் கூடாது. காரில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது. திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதுங்கள், நாலு வாரமானால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது, அதனால் வாங்கும்போதே மருந்தாளரிடம் கேளுங்கள்.

மறந்துவிட்டால்? ஞாபகம் வந்ததும் விடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதோடு தொடருங்கள். ஈடுகட்ட இரண்டு சொட்டு விடாதீர்கள். லட்டனோபுரோஸ்ட் வகை மருந்துகளை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் விட்டால் பலன் கூடாது, குறையவே செய்யும்.

மருந்து வகைகளை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். இரவில் ஒரு தடவை விடும் லட்டனோபுரோஸ்ட், டிராவோபுரோஸ்ட், பைமாட்டோபுரோஸ்ட், டாஃப்லுபுரோஸ்ட் ஒரு குடும்பம். நீர் வடிவதைக் கூட்டும். அழுத்தத்தை ஏறக்குறைய 25-லிருந்து 33 விழுக்காடு வரை குறைக்கும். பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிப்பார்கள். கண் சிவக்கும், இமை முடி நீளும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும். “அக்கா, மை போட்டிருக்கீங்களா?” என்று என் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். ஒழுகியதை உடனே துடைத்தால் கறுப்பது குறைகிறது.

டிமோலோல் என்பது இன்னொரு குடும்பம். நீர் சுரப்பதைக் குறைக்கும். நல்ல மருந்துதான், ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். முதல் மருந்து போதவில்லை என்று ஒரு தனியார் கிளினிக்கில் டிமோலோல் சேர்த்தார்கள். ஆஸ்துமா உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சின்ன வயதில் வந்த இளைப்புதானே, கண் மருந்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது இரவு மூச்சு இழுத்துக்கொண்டு, மகன் என்னை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போய் நுரையீரலையும் இதயத்தையும் தொடும். ஆஸ்துமா, நாள்பட்ட சுவாச நோய், நாடித் துடிப்பு மெதுவாக இருப்பது, இதயத் துடிப்புக்கான மின்சைகை தடைபடும் ‘ஹார்ட் பிளாக்’, இதில் எது இருந்தாலும், எப்போதோ இருந்திருந்தாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இரண்டு மருந்தை ஒரே பாட்டிலில் சேர்த்துத் தரும் கலவைகள் பலவற்றில் டிமோலோல் உள்ளே இருக்கிறது, பாட்டிலின் வணிகப் பெயரில் அது தெரியாது. பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.

டோர்சோலமைட், பிரின்சோலமைட் சொட்டுகள் எனக்கு ஒத்துக்கொண்டன. காலையும் மாலையும் விடுவது பிரின்சோலமைட்தான். விட்ட கொஞ்ச நேரத்தில் வாயில் கசப்பு வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிரிமோனிடின் விட்டால் சிலருக்குத் தூக்கமும் வாய் வறட்சியும் வரும். கொஞ்ச மாதம் கழித்துக்கூடக் கண் அரித்துச் சிவந்து ஒவ்வாமை காட்டலாம். அழுத்தம் ரொம்ப ஏறிவிட்டால் அசெட்டாசோலமைட் மாத்திரை தருவார்கள். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் போகும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் சொல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது.

கண் எரிச்சல் தாங்காமல் மருந்தை நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்தாதீர்கள், போய்ச் சொல்லுங்கள். எரிச்சலுக்குப் பல நேரம் காரணம் மருந்தே அல்ல, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். அது இல்லாத சின்னச் சின்னக் குப்பிகளும் கிடைக்கின்றன. காசு கட்டுப்படியாகவில்லை என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவுதான். தனியாரில் பார்ப்பவர்கள் கடிதம் வாங்கிக்கொண்டு மாறிக்கொள்ளலாம். காத்திருப்பு நீளம்தான், ஆனால் மருந்து தொடர்ந்து கிடைக்கும். மறுமுறை மருந்து வாங்க ஒவ்வொரு தடவையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார கிளினிக்கில்) வாங்க ‘எஸ்.பி.யூ.பி.’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, தபாலில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. மருந்துக் கவுண்டரில் கேட்டால் எழுதிக்கொள்வார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தைத் தபாலில் அனுப்புவார்களா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு முக்கியமான பேச்சு. அப்பாய்ண்ட்மெண்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் ஒழுங்காக மருந்து விட்டுவிட்டுப் போய், “தினமும் விடுறேன் டாக்டர்” என்று சொல்லாதீர்கள். அன்று அழுத்தம் நன்றாக இருக்கும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். டாக்டர் குழம்பிப்போய்த் தேவையில்லாத அறுவை சிகிச்சை வரைக்கும் யோசிப்பார். மாதத்தில் ஆறு நாள் விட்டுப்போகிறது என்றால் ஆறு நாள் என்றே சொல்லுங்கள். அதற்கு ஏற்ற சிகிச்சை இருக்கிறது. அதுதான் அடுத்தது.

லேசர்

திறந்த கோணம் உள்ளவர்களுக்குச் செய்யும் லேசரை ‘எஸ்.எல்.டி.’ என்பார்கள். என் வலது கண்ணுக்கு ஐந்து வருடத்துக்கு முன் செய்தார்கள். கத்தி இல்லை, படுக்கையில் சேர்ப்பதும் இல்லை. மரத்துப்போகும் மருந்து விட்டு, கருவியில் முகவாயை வைத்து, கண்ணில் ஒரு கண்ணாடியை ஒட்டினார்கள். பச்சை வெளிச்சம் டிக் டிக் என்று அடித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடைத்துக்கொண்ட வலைப் பகுதியை அது தூண்டிவிடுகிறது, நீர் வடிவது கூடுகிறது. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மருந்தை நிறுத்தச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இரண்டு நாள் மண் விழுந்த மாதிரி உறுத்தியது, அவ்வளவுதான்.

மருந்தெல்லாம் தோற்ற பிறகுதான் லேசர் என்று முன்பு நினைத்தார்கள். பிரிட்டனில் 718 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்தே இல்லாமல் இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். 2022-இல் அங்கே புதிய நோயாளிகளுக்கு லேசரையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே தினமும் மருந்து விட முடியாதவர்கள், கை நடுங்குபவர்கள், மருந்து ஒவ்வாதவர்கள் “எனக்கு எஸ்.எல்.டி. சரிப்படுமா?” என்று முதல் வருடமே கேட்பது நல்லது. எல்லோருக்கும் பலிக்காது. பலித்தாலும் சில வருடத்தில் தேய்ந்துபோகும், திரும்பச் செய்துகொள்ளலாம். எனக்கு ஒரு பாட்டில் குறைந்தது. வலது கண்ணுக்கு இப்போது இரவு மருந்து மட்டும்தான்.

மூடிய கோணத்துக்கு வேறு லேசர். நிறத்திரையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள், பின்னால் தேங்கிய நீர் முன்னால் வந்துவிடும். சிலருக்கு அதைவிடக் கண்ணுக்குள் இருக்கும் வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பதே நல்லது, கண்புரை இல்லாவிட்டாலும் கூட. 50 வயதுக்கு மேற்பட்ட 419 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு அப்படிக் காட்டியது. வயதும் அழுத்தமும் அதற்கேற்ற மாதிரி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மூடிய கோணம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. திடீரென்று கண் சிவந்து, பயங்கரமாக வலித்து, அதே பக்கம் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது ஒற்றைத் தலைவலியும் அல்ல, பித்தமும் அல்ல. பனடோல் போட்டுப் படுக்காமல் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரே நாளில் பார்வை போய்விடலாம். சளி மருந்துகள் சில இதைத் தூண்டும் என்பதால், லேசர் செய்யாமல் இருப்பவர்கள் கடையில் தானாகச் சளி மாத்திரை வாங்கக் கூடாது.

அறுவை சிகிச்சை

இடது கண்ணுக்கு மூன்று பாட்டில் விட்டும் 19-க்குக் கீழே இறங்கவில்லை, புலச் சோதனைத் தாளில் பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு பரவிக்கொண்டே வந்தது. மூன்று வருடத்துக்கு முன் டிராபெகுலெக்டோமி செய்தார்கள். 1968-லிருந்து இருக்கும் முறை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மேல் இமைக்கு அடியில் ஒரு சின்னக் கதவு வெட்டி, நீர் மெல்லக் கசிந்து ஒரு கொப்புளம் மாதிரி சேர வழி செய்வார்கள். தையல்காரிக்குப் புரியும்படி டாக்டர் சொன்னது: “மூடியை இறுக்கித் தைத்தால் கசியாது, தளர்த்தித் தைத்தால் அதிகம் கசிந்துவிடும். அதனால்தான் அப்புறம் அடிக்கடி வரச் சொல்கிறோம்.”

அந்த ‘அடிக்கடி’யை யாரும் முன்னாலேயே அழுத்திச் சொல்வதில்லை. முதலில் மறுநாளே, பிறகு வாரா வாரம். ஒரு தடவை லேசரால் ஒரு தையலை அறுத்தார்கள். ஒரு மாதம் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது. நான் தீபாவளி முடிந்து, ஆர்டர் இல்லாத மாதமாகப் பார்த்துச் செய்துகொண்டேன், அது நல்ல முடிவு. முதல் சில வாரம் பார்வை மங்கலாகவே இருந்தது. செய்த கண்ணில் கண்புரை சீக்கிரம் வளரும், எனக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் அழுத்தம் 11-இல் நிற்கிறது, கறுப்பு அதற்குப் பிறகு பரவவில்லை.

இதைச் செய்துகொண்டவர்கள் ஆயுள் முழுக்க ஒன்றை மறக்கக் கூடாது. கண் சிவப்பு, பீளை, வலி, பார்வை மங்கல் இதில் எது வந்தாலும், பத்து வருடம் கழித்து வந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொப்புளத்தில் கிருமி புகுந்தால் கண்ணுக்குள் நேராக இறங்கிவிடும்.

முன்பு செய்த அறுவை சிகிச்சை அடைத்துக்கொண்டவர்களுக்கும், நீரிழிவால் கண்ணுக்குள் புதிய ரத்தக் குழாய் முளைத்து அழுத்தம் ஏறியவர்களுக்கும் ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். அகமது வால்வு என்று ஒரு வகை. மதுரையில் ஆரோலாப் குறைந்த விலையில் ஒன்று தயாரிக்கிறது. கண்புரை எடுக்கும்போதே நுண்ணிய குழாய் பொருத்தும் முறைகளும் வந்துவிட்டன, நோய் முற்றாதவர்களுக்கு அது பொருந்தும்.

நல்ல மனதோடு சொல்லும் ஆலோசனைகள்

விளக்கெண்ணெய் விடு, தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்று என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. எல்லோரும் அன்பினால் சொன்னவர்கள். எதுவும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்காது, கிருமியைத்தான் உள்ளே கொண்டுபோகும். அறுவை சிகிச்சை செய்த கண்ணுக்கு அது கொடிய ஆபத்து.

யோகா வகுப்புக்குப் போகலாம், நடக்கலாம். சிரசாசனம் மட்டும் வேண்டாம், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால், அதையே நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். மூச்சை அடக்கி அழுத்தி ஊதும் கருவிகளாலும் அழுத்தம் ஏறும், ஆகவே வீட்டில் நாதஸ்வரமோ டிரம்பெட்டோ வாசிப்பவர் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லட்டும்.

ஸ்டீராய்டைப் பற்றி ரொம்பக் கவனம் தேவை. கண் சொட்டாக, முகத்தில் பூசும் கிரீமாக, மாத்திரையாக எப்படிப் போனாலும் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு என்று பசாரில் விற்கும் சில பாரம்பரிய மருந்துகளில் அறிவிக்காமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள்.

பார்வை ஏற்கெனவே நிறையப் போயிருந்தால் வீட்டுக்குள் முடங்க வேண்டாம். பினாங்கில் பாகான் ஜெர்மாலில் இருக்கும் செயிண்ட் நிக்கலஸ் இல்லத்திலும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1951-லிருந்து இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்திலும் நடக்கவும் படிக்கவும் சமைக்கவும் பயிற்சி தருகிறார்கள். நேர்ப்பார்வை நன்றாக இருந்தாலும், பார்வைப் புலம் மிகவும் குறுகிவிட்டால் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு மனுச் செய்யலாம். என் அம்மாவுக்கு அதை நாங்கள் எடுக்கவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

உங்கள் கூடப் பிறந்தவர்கள்

இந்த நோய் குடும்பத்தில் ஓடும். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு. எனக்குக் கண்டுபிடித்ததும் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். ஜொகூருக்கு லாரி ஓட்டுபவன், “எனக்கு நல்லாத்தான் தெரியுதுக்கா” என்று பத்து வருடம் தட்டிக் கழித்தான். போன வருடம் தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்துக்கு வந்தவனை, தேர் பார்த்த கையோடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அழுத்தம் 27. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் நரம்பு கொஞ்சம்தான் கெட்டிருந்தது.

அவனுக்கும் இரவு மருந்துதான் கொடுத்தார்கள். ஆனால் வாரத்தில் நாலு இரவு நெடுஞ்சாலையில் கழிகிறது. மருந்தை லாரி டாஷ்போர்டில் வைத்திருந்திருக்கிறான், மதிய வெயிலில் அது வெந்தே போயிருக்கும். “டாக்டர் கிட்ட சொல்லிடு தம்பி, ஒண்ணும் மறைக்காதே” என்றேன். சொன்னான். வாரத்தில் மூன்று நாள்தான் மருந்து விடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. கோணத்தைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்த வேலைக்கு உங்களுக்கு லேசர்தான் சரி என்று தேதி கொடுத்தார். அடுத்த மாதம் 14-ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு. லாரியை விட்டுவிட்டு முந்தின இரவே வீட்டுக்கு வந்துவிடு, ஃபெரியில் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.